வாத்து வயலுக்கு எந்தப் பம்பு: போர்வெல்லா, வாய்க்காலா, மழையா?

அக்டோபர் பிறந்தால் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. "அமெரிக்காவின் ஆர்கன்சாவில் நாற்பது ஏக்கர் நெல் வயல். அறுவடை முடிந்தது. சிந்திய நெல்மணியைத் தேடி வாத்துகள் வருவதற்குள் தண்ணீர் கட்ட வேண்டும். சப்மெர்சிபிள் போடலாமா, டீசல் இன்ஜின் போடலாமா?" கேட்பவர்களில் சிலர் துப்பாக்கி பிடிப்பவர்கள், சிலர் பைனாகுலர் பிடிப்பவர்கள். பம்புக்கு இருவரும் ஒன்றுதான்.

என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. எந்த மோட்டார் என்பது மூன்றாவது கேள்வி. தண்ணீர் எவ்வளவு ஆழத்திலிருந்து வர வேண்டும், வயல் எவ்வளவு ஒழுகுகிறது என்ற இரண்டும் தெரியாமல் பம்புக் கடைக்குப் போனால் கடைக்காரர் தன்னிடம் இருப்பதை விற்றுவிடுவார்.

ஊரைப் பற்றி முதலில் கொஞ்சம். ஆர்கன்சாவின் ஸ்டட்கார்ட் ஊரைச் சுற்றியுள்ள கிராண்ட் ப்ரெய்ரி என்ற சமவெளி நெல் பூமி. அமெரிக்க நெல்லில் பாதிக்குக் கிட்டத்தட்ட ஆர்கன்சா மாநிலத்திலிருந்துதான் வருகிறது. 1936 முதல் வாத்து போலக் குரல் கொடுக்கும் உலகப் போட்டியை நடத்தும் ஊரும் இதுதான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து மல்லார்டு வாத்துகள் கூட்டங்கூட்டமாக இறங்கும். வேடந்தாங்கலுக்கும் கோடியக்கரைக்கும் வரும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் இங்கேயும் உண்டு. மேல்மண்ணுக்குக் கீழே களிமண் தட்டு கெட்டியாக இருப்பதால் வயலில் கட்டிய தண்ணீர் நிற்கும். நெல் இங்கே பிடித்ததற்கும் அதுதான் காரணம். அதே களிமண் மழைநீரைக் கீழே இறங்கவும் விடுவதில்லை. நூறு வருடத்துக்கு மேலாக நெல்லுக்கு இறைத்து இறைத்து நிலத்தடி நீர்மட்டம் பல இடங்களில் நூறு அடிக்கும் கீழே போய்விட்டது. 1998-இல் மாநில அரசு இந்தப் பகுதியை நிலத்தடி நீர் நெருக்கடிப் பகுதியாக அறிவித்தது. மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய கீழ்ப்பகுதிகளில் அப்படியில்லை, இருபது முப்பது அடியிலேயே தண்ணீர் கிடைக்கும் இடங்கள் உண்டு. ஒரே மாநிலத்தில் இரண்டு வயலுக்கு இரண்டு பதில் வருவது இதனால்தான்.

## முதலில் கணக்கு

எவ்வளவு தண்ணீர்? மல்லார்டு தலையைக் கீழே விட்டு வாலைத் தூக்கி மேயும் பறவை. எட்டு, பத்து அங்குலத் தண்ணீர் அதற்கு வசதி. ஒன்றரை அடிக்கு மேல் போனால் தரையில் கிடக்கும் நெல்மணி எட்டாது. கிளுவை போன்ற சின்ன வாத்துகளுக்கு இதைவிடக் குறைவாகவே போதும். ஆக, ஆழமாகக் கட்டுவது பணத்துக்கும் நஷ்டம், பறவைக்கும் நஷ்டம். சராசரி எட்டு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் என்றால் 27,154 காலன், நம் கணக்கில் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். நாற்பது ஏக்கருக்கு எட்டு அங்குலம் சுமார் மூன்றேகால் கோடி லிட்டர், அதாவது 26.7 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர்-அடி). காய்ந்த மண் முதலில் குடிப்பதையும் சேர்த்துக் கால் பங்கு கூட்டினால் 33 ஏக்கர்-அடி. இந்தக் கட்டுரை முழுக்க இந்த 33-தான் நம் அளவு.

எவ்வளவு ஹெட், அதாவது பம்பு தண்ணீரைத் தூக்க வேண்டிய மொத்த உயரம் எவ்வளவு? கிணற்றில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் கேட்டால் போதாது. பம்பு ஓட ஆரம்பித்ததும் மட்டம் இறங்கும். இறங்கி எங்கே நிலைக்கிறதோ அங்கிருந்துதான் கணக்கு. அதோடு குழாய் உராய்வையும் கூட்ட வேண்டும். செலவில் முக்கால்வாசியை முடிவு செய்வது இந்த ஒரே எண்தான். நல்ல நிலையில் உள்ள பம்புக்கு நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் வகுத்த அளவுகோலை அமெரிக்க விவசாயப் பொறியாளர்கள் பலர் பயன்படுத்துகிறார்கள். அதன்படி ஓர் ஏக்கர்-அடித் தண்ணீரை ஓர் அடி உயரம் தூக்க டீசல் 0.11 காலன், மின்சாரம் 1.55 யூனிட், புரோப்பேன் 0.2 காலன் ஆகும். மீதி வெறும் பெருக்கல்தான்.

எத்தனை நாள்? நிமிடத்துக்கு 450 காலன் என்றால் மணிக்கு ஓர் ஏக்கர்-அங்குலம். ஆயிரம் காலன் பம்பு ஒரு நாளில் 4.4 ஏக்கர்-அடி கொடுக்கும். நம் 33 ஏக்கர்-அடிக்கு ஏழரை நாள். ஐந்நூறு காலன் என்றால் பதினைந்து நாள்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். வேட்டைப் பருவம் நவம்பர் பிற்பாதியில், நன்றி நவிலல் நாளை ஒட்டித் தொடங்கும். அதற்கு முந்தின வாரம் நினைவு வந்து, ஒரே வாரத்தில் வயல் நிறைய வேண்டும் என்று பெரிய பம்பு கேட்கிறார்கள். பறவைக்கு அந்த அவசரம் இல்லை. இரண்டு மூன்று அங்குலத்தில் ஆரம்பித்து வாரா வாரம் மட்டத்தை ஏற்றினால் ஓரத்தில் புதிது புதிதாக நெல்மணி நனைந்துகொண்டே இருக்கும். பறவைகள் அந்த ஓரத்தில்தான் மேயும். ஒரே மூச்சில் நிரப்பிய வயலைவிட மெல்ல ஏறும் வயலில் தீனி நீண்ட நாள் நிற்கும். அக்டோபர் நடுவில் ஆரம்பித்தால் சின்னப் பம்பே போதும். பாதிப் பேருக்குப் பெரிய பம்பு தேவைப்படுவது காலண்டரைப் பார்க்காததால்தான்.

எவ்வளவு ஒழுகுகிறது? சின்னப் பம்பு யோசனைக்கு ஒரே எதிரி இது. நாற்பது ஏக்கர் வயலில் ஒரு நாளைக்குக் கால் அங்குலம் இறங்கினால், அந்தக் கால் அங்குலத்தை ஈடுகட்ட மட்டுமே நிமிடத்துக்கு 190 காலன் இரவும் பகலும் ஓட வேண்டும். 270 காலன் தரும் பம்பு வைத்திருந்தால் மிச்சம் 80 காலன். வயல் எப்போது நிறையும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். சோதிப்பது எளிது. தாழ்ந்த மூலையில் கொஞ்சம் தண்ணீர் கட்டி, அங்குலம் குறித்த ஒரு குச்சியை நட்டு, பம்பை நிறுத்திவிட்டு, மழையில்லாத நான்கு நாள் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இறக்கம் அதிகமென்றால் பெரும்பாலும் குற்றவாளி மண் இல்லை. வரப்பில் கஸ்தூரி எலி குடைந்த வளை, அல்லது மதகுப் பலகைகளுக்கு நடுவில் உள்ள இடுக்கு. பலகை மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திச் சேறு அணைத்தால் ஒரு பம்பின் விலையே மிச்சமாகும்.

## வழி ஒன்று: ஏற்கெனவே உள்ள நெல் பாசனப் போர்

வயலில் நெல்லுக்காகப் போட்ட ஆழ்துளைக் கிணறு, அதாவது நெல் போர், இருந்தால் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம் என்றுகூடச் சொல்வேன். நெல்லுக்கு இங்கே ஏக்கருக்கு நிமிடத்துக்குப் பத்து முதல் பதினைந்து காலன் என்று பார்த்துத்தான் போர் போடுவார்கள். நாற்பது ஏக்கருக்கு 400 முதல் 600. வாத்துக்கு அது தாராளம்.

செலவு போரில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. நிலம் ஒருவருடையது, இன்ஜின் குத்தகை விவசாயியுடையது, வேட்டைக் குத்தகை உங்களுடையது என்று மூன்று பேர் இருப்பது சகஜம். டீசல் யார் ஊற்றுவது, ஆயில் யார் மாற்றுவது, நவம்பரில் கியர் உடைந்தால் யார் பொறுப்பு என்பதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விவசாயி வருடம் முழுக்க நம்பியிருக்கும் இன்ஜினை நீங்கள் மூன்று வாரம் ஓட்டி அடுத்த ஏப்ரலில் அது மூச்சுவிட்டால், மறுவருடம் குத்தகை கிடைக்காது.

## வழி இரண்டு: போரில் டீசல், செங்குத்து டர்பைன்

கீழே தண்ணீருக்குள் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழலி) சுழலும் கிண்ணங்கள், நடுவில் நீண்ட ஷாஃப்ட், மேலே செங்கோணக் கியர், பக்கத்தில் டீசல் இன்ஜின். ஆர்கன்சா வயல்களில் கண்ணில் படும் பழைய தோழர் இவர்தான். கரண்ட் கம்பி இல்லாத இடத்தில் போரிலிருந்து ஆயிரம் காலன் எடுக்க வேறு நல்ல வழி இல்லை.

கிராண்ட் ப்ரெய்ரியில் மொத்த ஹெட் 110 அடி என்று வைத்தால் 33 × 110 × 0.11, கிட்டத்தட்ட 400 காலன் டீசல். காலன் மூன்று டாலர் என்று போட்டால் 1,200 டாலர். சாலையில் ஓடாத இன்ஜினுக்கு வரி இல்லாத சிவப்பு டீசல் வாங்கலாம், அதில் கொஞ்சம் குறையும். ஆற்றோரத்தில் ஹெட் 40 அடியென்றால் இதே வேலை 145 காலனில் முடிந்துவிடும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவுகள் இவை. பேட்டரியும் டீசலும் திருடுபோகும். இரவில் ஆளில்லாமல் ஓடுவதால் ஆயில் பிரஷர் குறைந்தாலோ சூடு ஏறினாலோ தானாக நிறுத்தும் சுவிட்ச் கட்டாயம். ஷாஃப்டுக்கு ஆயில் சொட்டு விடும் ரகமென்றால் ஓட ஆரம்பிக்கும் முன்பே சொட்ட விட வேண்டும். மறந்தால் பேரிங் போய், கிரேன் வைத்து அத்தனை குழாயையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பறவைகள் சீரான இன்ஜின் ஒலிக்குப் பழகிவிடும். டீசல் ஊற்ற நாள்தோறும் வரப்பில் வண்டியோட்டி வரும் ஆளுக்குத்தான் பழகாது.

புரோப்பேன் இன்ஜினும் உண்டு. இதே வேலைக்கு 725 காலன் எரிக்கும். ஏற்கெனவே டேங்க் நிற்கும் பண்ணைக்கு மட்டும் பொருந்தும்.

## வழி மூன்று: போரில் மின்சாரம்

போர் வழிகளுக்குள் ஓட்டும் செலவில் இதுதான் மலிவு. 33 × 110 × 1.55 என்றால் சுமார் 5,630 யூனிட். யூனிட் 12 சென்ட் என்றால் 675 டாலர். டீசலில் பாதிக்குச் சற்று மேல். தரைமேல் மோட்டார் வைத்த டர்பைனோ சப்மெர்சிபிளோ, ஹெட் ஒன்றானால் கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சிக்கல் கம்பியில். ஆயிரம் காலனை 110 அடி தூக்க 40 ஹெச்.பி. மோட்டார் வேண்டும், அதற்குத் த்ரீ பேஸ் வேண்டும். கிராமப்புற லைன்கள் பெரும்பாலும் சிங்கிள் பேஸ். த்ரீ பேஸ் லைனை மைல் கணக்கில் இழுத்து வரச் சொன்னால் பல்லாயிரம் டாலர் எஸ்டிமேட் வரும். வருடத்துக்கு ஐந்நூறு டாலர் டீசல் மிச்சத்தில் அதை ஈடுகட்ட உங்கள் பேரன் வர வேண்டும். அப்புறம், வருடத்தில் மூன்று வாரம் ஓடும் மோட்டாருக்கும் பன்னிரண்டு மாதம் குறைந்தபட்சக் கட்டணம் கேட்கும் மின் கூட்டுறவுகள் உண்டு. இணைப்புக்குக் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. நம் ஊர் இலவச மின்சாரப் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த பில் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

சிங்கிள் பேஸிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது, பலர் அதைப் பார்ப்பதில்லை. பெரும்பாலான இடங்களில் சிங்கிள் பேஸில் 10 ஹெச்.பி. வரை அனுமதிப்பார்கள். 110 அடி ஹெட்டில் அது நிமிடத்துக்குச் சுமார் 270 காலன் தரும். நம் 33 ஏக்கர்-அடிக்கு இருபத்தெட்டு நாள். அக்டோபர் 15-இல் சுவிட்ச் போட்டால் வேட்டைப் பருவம் திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே வயல் நிறைந்திருக்கும், அதுவும் மெல்ல, பறவைக்குப் பிடித்த வேகத்தில். வயல் ஒழுகாமலிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மேலே சொன்ன குச்சிச் சோதனை இதற்காகத்தான்.

சப்மெர்சிபிளா, மேல் மோட்டாரா? சப்மெர்சிபிளுக்குச் சத்தமில்லை, திருட எதுவும் வெளியே இல்லை, வெள்ளம் வந்தாலும் கவலையில்லை. ஆனால் மணல் வரும் போரில் அது நிலைக்காது. தண்ணீர் மட்டம் பம்புக்குக் கீழே போனால் எரிந்துவிடும். பழுதென்றால் மொத்தத்தையும் தூக்கியாக வேண்டும். மேல் மோட்டாரைத் தரையிலேயே கழற்றிச் சரிசெய்யலாம். சின்ன அளவுக்குச் சப்மெர்சிபிள், பெரிய அளவுக்கு மேல் மோட்டார் என்பது என் சாய்வு. எதுவானாலும் இடி தாங்கியும், தண்ணீரில்லாமல் ஓடினால் நிறுத்தும் உலர்-ஓட்டத் தடுப்பும் வைக்காமல் ஓட்டாதீர்கள்.

## வழி நான்கு: வாய்க்காலிலிருந்து டிராக்டர் பம்பு

வயலோரத்தில் வடிகால் ஓடையோ, வடிநீர் சேர்க்கும் குட்டையோ இருந்தால் நான் முதலில் இங்கேதான் வருவேன். ஹெட் பத்தடி. 33 × 10 × 0.11, அதாவது 36 காலன் டீசல். டிராக்டரின் பின்பக்கச் சுழல் தண்டான பி.டி.ஓ.வில் ஓடும் இந்த நீளக் குழாய்ப் பம்புகளின் செயல்திறன் சுமார்தான் என்பதால் இரட்டிப்பாக்கி 72 காலன் என்று வையுங்கள். அப்படியும் ஆழ்போரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. வேகமோ பல மடங்கு. 12 அங்குலப் பம்பு நிமிடத்துக்கு மூவாயிரம் காலன் தள்ளினால் நம் வயல் இரண்டரை நாளில் நிறைந்துவிடும்.

இவ்வளவு நல்லதென்றால் எல்லோரும் ஏன் செய்வதில்லை? ஏனென்றால் செப்டம்பர், அக்டோபரில்தான் ஓடைகள் வற்றிக் கிடக்கும். மழை பிடித்து ஓடை நிறையும்போது வயலும் பாதி நிறைந்திருக்கும். சொந்தக் குட்டை இல்லாமல் ஓடையை மட்டும் நம்புவது சூதாட்டம்.

பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும் தொல்லைகளும் உண்டு. கரைச் சரிவில் சாய்த்து இறக்கிய குழாயின் வாய் போதிய ஆழம் மூழ்கவில்லையென்றால் மேலே ஒரு சுழி விழுந்து காற்றை உறிஞ்சும். தண்ணீர் விட்டு விட்டு வரும், பேரிங் கடகடக்கும். அறுவடைக்குப் பிந்திய ஓடையில் வைக்கோல் மிதந்து வந்து சல்லடையில் பாய் போல ஒட்டிக்கொள்ளும். இரவு பத்து மணிக்குத் துடைத்தால் விடிவதற்குள் மறுபடி. பளு கூடினால் தானே உடைந்து பம்பைக் காக்கும் ஷியர் பின் ஒரு டப்பா வண்டியில் இருக்கட்டும். இதையெல்லாம்விடப் பெரிய செலவு டிராக்டர். இரண்டரை நாள் இரவு பகலாக ஓடினால் அறுபது மணி நேரம் மீட்டரில் ஏறும், அந்த நாளில் அது வேறு எந்த வேலைக்கும் கிடைக்காது. வாடகை டிராக்டர் என்றால் டீசலைவிட வாடகை பெரிதாகிவிடும்.

மேற்பரப்பு நீருக்கு விதியும் உண்டு. ஆர்கன்சாவில் வருடத்துக்கு ஓர் ஏக்கர்-அடிக்கு மேல் ஓடையிலிருந்து எடுத்தால் மாநிலத்தில் பதிவு செய்து கணக்குக் காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 50,000 காலன் எடுக்கும் திறனுள்ள போருக்கும் அப்படியே. வீட்டுக் கிணறு மட்டும் விலக்கு. ஓடை உங்கள் நிலத்தைத் தொடாவிட்டால் தனி அனுமதியும் வேண்டும்.

இதே இடத்துக்கு நாலு, ஆறு அங்குலச் செல்ஃப் பிரைமிங் (தானே உறிஞ்சத் தொடங்கும்) டீசல் பம்பை இழுத்து வருபவர்களும் உண்டு. பத்துப் பதினைந்து ஏக்கருக்கு நல்லதுதான், டிராக்டரும் மிச்சம். ஆனால் உறிஞ்சும் பம்பு எதுவும் இருபது இருபத்தைந்து அடிக்குக் கீழிருந்து உறிஞ்சாது. காற்றழுத்தம் தூக்கிக் கொடுக்கும் எல்லையே ஏட்டில் 34 அடிதான். இதை நூறடிப் போரில் மாட்ட முடியுமா என்ற கேள்வி வருடா வருடம் வருகிறது. முடியாது.

## வழி ஐந்து: பலகையைப் போடு, மழையைப் பிடி

பம்பு விற்பவர் எவரும் சொல்லாத வழி. ஸ்டட்கார்ட் பக்கம் நவம்பரிலும் டிசம்பரிலும் மாதத்துக்கு நாலைந்து அங்குல மழை பெய்யும். அறுவடை முடிந்ததும் மதகில் பலகை போட்டுவிட்டால், நம் 33 ஏக்கர்-அடிக்குத் தேவையான பத்து அங்குலம் டிசம்பர் பிற்பாதியில் தானாகவே சேர்ந்துவிட வாய்ப்பு அதிகம். மேட்டு வயல் வடிகாலும் உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் இன்னும் சீக்கிரம். செலவு: வரப்பு, பலகை, பொறுமை.

நஷ்டம், பருவம் திறக்கும் வாரங்களில் வயல் காய்ந்தோ சேறாகவோ கிடக்கலாம். வேட்டைக் கிளப்புக்கு அது பெரிய இழப்பு. பறவை பார்ப்பவருக்கும் மண்ணைக் காக்க நினைக்கும் விவசாயிக்கும் அவ்வளவாக இல்லை. பெரும்பாலானோருக்கு நான் சொல்வது கலவை: தாழ்ந்த கால்வாசி வயலை மட்டும் அக்டோபரில் பம்பால் நிரப்பு, மீதி முக்கால் வயலை மழைக்கு விடு. பம்புச் செலவும் கால்வாசிதான்.

## பக்கத்தில் பக்கமாக

| வழி | 33 ஏக்கர்-அடிக்கு ஓட்டச் செலவு | வயல் நிறைய எடுக்கும் நாள் | கண்ணில் படாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| பழைய நெல் போர் | ஹெட்டைப் பொறுத்து | 12–19 | ஒப்பந்தத் தகராறு | போர் உள்ள எவருக்கும் |
| போர், டீசல் (110 அடி) | 400 காலன் | 7–8 (ஆயிரம் காலனில்) | திருட்டு, ஆயில், காவல் | கம்பி இல்லாத இடம் |
| போர், மின்சாரம் (110 அடி) | 5,630 யூனிட் | 7–8, 10 ஹெச்.பி.யில் 28 | லைன், குறைந்தபட்சக் கட்டணம் | கம்பி அருகில், முன்கூட்டித் திட்டமிடுபவர் |
| வாய்க்கால், டிராக்டர் (10 அடி) | 72 காலன் | 2–3 | டிராக்டர் மணி, வைக்கோல், வறண்ட ஓடை | குட்டை உள்ளவர் |
| மழை | இல்லை | டிசம்பர் பிற்பாதி வரை | தொடக்க வாரங்கள் வீண் | அவசரமில்லாதவர் |

நாள் கணக்கு இருபத்து நாலு மணி நேர ஓட்டத்துக்கு. ஒழுகலை இதில் கழிக்கவில்லை.

சோலார் இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று நம் ஆட்கள் கேட்பார்கள். நவம்பர் பகல் குட்டை, வெயில் சாய்வு, நூறடி ஹெட். ஓரிரண்டு ஏக்கர் குழிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்க உதவும். நாற்பது ஏக்கரை நிரப்பாது.

## புதுப் போர் எப்போது நியாயம்

வாத்துக்காக மட்டும் கிராண்ட் ப்ரெய்ரியில் புதுப் போர் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. நெல்லுக்கே போதாத நீரை மூன்று வாரப் பொழுதுபோக்குக்கு எடுப்பது ஒரு பக்கம். போட்ட காசு திரும்பாது என்பது இன்னொரு பக்கம். அதே பணத்தில் வடிநீர் குட்டை வெட்டினால் கோடையில் நெல்லுக்கும் உதவும். மத்திய அரசின் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை இத்தகைய குட்டைகளுக்குச் செலவில் பங்கு தருகிறது, அவர்கள் மாவட்ட அலுவலகத்தில் ஒரு காலை செலவிடுவது பலன் தரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் போருக்கு மாற்று இல்லை: உறைபனி. ஜனவரியில் வடக்குக் காற்று நாலு நாள் அடித்தால் எட்டு அங்குலத் தண்ணீர் அப்படியே இறுகிவிடும், பறவைகள் ஆற்றுக்கோ தெற்குக்கோ போய்விடும். போர்த் தண்ணீர் குளிரிலும் 17 டிகிரி வாக்கில் வெதுவெதுப்பாக வரும். குழாய் விழும் இடத்தைச் சுற்றிப் பனி பிடிக்காத வட்டம் ஒன்று நிற்கும். சுற்றுவட்டாரப் பறவை முழுக்க அதில் வந்து இறங்கும். ஓடைத் தண்ணீரால் இது முடியாது, அதுவும் உறையும் நிலையில்தான் இருக்கும். ஆகவே கையில் போர் இருந்தால் நவம்பரில் மழையையும் வாய்க்காலையும் வைத்து நிரப்பிவிட்டு, போரை ஜனவரிக்கு வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம். அந்த நாட்களில் பம்பை நிறுத்தினால் டெலிவரிக் குழாயைக் காலி செய்துவிட வேண்டும், இல்லையென்றால் காலையில் வெடித்துக் கிடக்கும்.

## வாங்கும் முன்

குழாயில் மிச்சம் பிடிக்காதீர்கள். நிமிடத்துக்கு ஆயிரம் காலனை ஆயிரம் அடி தூரம் 6 அங்குல பி.வி.சி.யில் தள்ளினால் உராய்வு மட்டும் 57 அடி ஹெட். உங்கள் போர் இன்னும் 57 அடி ஆழமாகிவிட்டது என்று அர்த்தம். அதே நீர் 10 அங்குலக் குழாயில் ஐந்தடிக்குள் முடியும். நாற்பது அடி ஹெட் உள்ள ஆற்றோர வயலில் 6 அங்குலக் குழாய் போட்டவர் தன் டீசல் செலவைத் தானே இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிக்கொள்கிறார்.

வயலில் மரங்கள் இருந்தால் இலை உதிரும் முன் அவற்றின் காலில் தண்ணீர் கட்டாதீர்கள். வருடா வருடம் சீக்கிரம் கட்டி வைத்துக் கருவாலி மரங்கள் பட்டுப்போன காடுகள் ஆர்கன்சாவிலேயே இருக்கின்றன. வேட்டையாடுபவர்களுக்கு இன்னொன்று: அறுவடை செய்யாத பயிரை மிதித்தோ வெட்டியோ சாய்த்துவிட்டு அதன்மேல் சுடுவது மத்திய சட்டப்படி தீனி போட்டுப் பிடிப்பதாகும். வழக்கமாக அறுத்த வயலில் தண்ணீர் கட்டுவதிலோ, நிற்கும் பயிரில் அப்படியே தண்ணீர் கட்டுவதிலோ தவறில்லை.

பழைய பம்பு வாங்குபவர்கள் பெயர்ப் பலகையில் உள்ள காலன் எண்ணை நம்ப வேண்டாம். அது எந்த ஹெட்டுக்கு என்று கேளுங்கள், எந்த ஹெட்டில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று காட்டும் அந்தப் பம்பின் வளைகோட்டுத் தாளைக் கேளுங்கள். தாள் இல்லையென்றால் விற்பவர் இடத்திலேயே ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லி மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். இம்பெல்லர் தேய்ந்த பம்பு முதல் பத்து நிமிடம் எல்லோரையும் ஏமாற்றும்.